மூக்குத்தியும் ரப்பர் மூக்கும்

என் பெரியம்மா இந்தப் பகுதியில் ஏற்கனவே இரண்டு மூன்று தடவை தலையைக் காட்டியிருக்கிறாள். தையல் மெஷினை விற்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவள் என்றால் உங்களில் பலருக்கு ஞாபகம் வரும். கும்பகோணத்தில் ஒரு சந்துக்குள் உட்கார்ந்துகொண்டு முப்பது வருஷ காலம் நாலு தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவள். அளவு நாடாவை எடுக்காமலே, வாசற்படி ஏறும்போதே ஆளைப் பார்த்து, "உனக்கு முப்பத்தாறு, போன தீபாவளிக்கு முப்பத்துநாலு" என்று மானத்தை வாங்கிவிடுவாள்.

அப்படிப்பட்டவளைப் பெண் அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டு போனாள். போன இடத்தில் மூக்கில் வந்தது வினை.

வலது மூக்கில், மூக்குத்திக்கு அரை விரற்கடை மேலே, பெரியம்மாவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி உண்டு. அதை மச்சம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். "மூக்கில் மச்சம் இருந்தால் செல்வாக்கு" என்று யாரோ சொல்லிவிட்டதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை கூட. ஆனால் அந்த மச்சம் பிறவியில் வந்ததல்ல. ஐந்தாறு வருஷமாகத்தான் இருந்தது. மிளகு அளவாக இருந்தது, ரவிக்கைப் பட்டன் அளவாக ஆயிற்று. ஓரம் மட்டும் முத்துப் போல் பளபளக்கும். எப்போதாவது துண்டால் முகத்தைத் துடைத்தால் ஒரு துளி ரத்தம் வரும், பொருக்குத் தட்டும், ஆறிவிட்டது போல இருக்கும், மறுபடியும் வரும். மூக்குத்தி உரசுகிறது என்று சொல்லி மஞ்சளை அப்பிக்கொள்வாள்.

என் அக்காளுக்கு (பெரியம்மாவின் பெண்) சந்தேகம் தட்டியது. டாக்டரிடம் காட்டினாள். ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதித்தார்கள். 'பேஸல் செல் கார்ஸினோமா' என்று பதில் வந்தது. அதாவது தோலில் வரும் புற்றுநோய்களில் ஒரு வகை.

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் எந்த வீட்டிலும் நடப்பதுதான் அந்த வீட்டிலும் நடந்தது. அக்காள் அழுதாள், மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் படித்துப் படித்து இரவு முழுவதும் தூங்காமல் இருந்தார். பெரியம்மா மட்டும், "பட்டன் அளவு கூட இல்லை, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று இருந்தாள். நான் அப்போது லீவு போட்டுக்கொண்டு ஒரு மாதம் அங்கே போயிருந்தேன். ஆகையால் பின்னால் நடந்ததையெல்லாம் கண்ணால் பார்க்கிற பாக்கியம் கிடைத்தது.

முதலில் போன இடத்தின் பெயர் நமக்கு வேண்டாம். டாக்டர் நல்லவர்தான். கெட்டிக்காரர் என்றும் சொன்னார்கள். ஆனால் அவசரக்காரர். கையைக் கழுவிக்கொண்டே பேச ஆரம்பித்து, கையைத் துடைத்து முடிப்பதற்குள் பேசி முடித்துவிட்டார். அக்காள் மூச்சு விடாமல் மொழிபெயர்த்தாள். அவர் போன பிறகு எட்டுப் பக்கத்துக்கு ஒரு காகிதக் கட்டைக் கொடுத்து, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

காரில் திரும்பி வரும்போது பெரியம்மா நிதானமாகச் சொன்னாள்: "எனக்குப் புரிந்துவிட்டது. காலையிலே போய்ப் படுத்தால் சாயந்திரம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மூக்கை அறுப்பார்களாம். எங்கே நிறுத்துவோம் என்று அவர்களுக்கே தெரியாதாம். அப்புறம் கன்னத்திலிருந்தோ எங்கிருந்தோ தோலை எடுத்து ஒட்டுப் போடுவார்களாம். கிழிந்த ரவிக்கையா இது? எனக்கு டிக்கெட் எடு, ஊருக்குப் போகிறேன்."

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை! டாக்டர் சொன்னதும் அதுதான். ஆனாலும் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது.

இந்த நோய் எத்தகையது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பேஸல் செல் புற்று, மற்றப் புற்றுநோய்களைப் போல ரத்தத்தில் கலந்து ஈரல், நுரையீரல் என்று ஊர் சுற்றுவது மிக மிக அபூர்வம். இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு மெல்ல மெல்ல அரிக்கும். டப்ளினில் ஆர்தர் ஜேக்கப் என்ற டாக்டர் 1827-ல் இதைப் பற்றி எழுதி வைத்தார். எலி கொறித்த புண் என்ற அர்த்தத்தில் பழைய டாக்டர்கள் இதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். விட்டுவிட்டால் குருத்தெலும்பு, எலும்பு, கண்குழி என்று கொறித்துக்கொண்டே போகும். ஆகவே உயிருக்கு உடனே ஆபத்தில்லை என்பதற்காகச் சும்மா இருந்துவிட முடியாது. வெள்ளைக்காரர்களுக்கு வெயிலினால் சர்வ சாதாரணமாக வருகிறது. நம் தோலில் உள்ள நிறமி நம்மை நிரம்பக் காப்பாற்றுகிறது; இருந்தாலும் முழுக்கக் காப்பாற்றுவதில்லை. நம்மவர்களுக்கு வரும்போது இது பெரும்பாலும் கறுப்பாக வருவதால், பெரியம்மாவுக்கு நேர்ந்தது போல, மச்சம் என்று ஏமாந்துபோகிறோம்.

மூக்கு, கண் இமை, காது, உதடு போன்ற இடங்களில் வந்தால் ஒரு தனி முறையில் ரண சிகிச்சை செய்கிறார்கள். கண்டுபிடித்தவர் பெயரால் அதற்கு 'மோஸ்' சிகிச்சை என்று பெயர். பிரெடரிக் மோஸ் அமெரிக்காவில் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் வைத்திய மாணவராக இருந்தபோது, 1930-களில், எலிகளின் கட்டிகளில் மருந்துகளை ஏற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அதில் துத்தநாகக் குளோரைடு என்ற உப்பு, சதையைக் கொன்றாலும் அதன் அமைப்பைக் கலைக்காமல் அப்படியே பாடம் பண்ணிவிடுவதைக் கண்டார். உடனே அவருக்கு ஒரு யோசனை உதித்தது. புற்றின் மீது அந்தப் பசையைத் தடவி, மறுநாள் ஒரு அடுக்குச் சீவி எடுத்து, அதன் அடிப்பக்கம் முழுவதையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எந்த மூலையில் புற்று பாக்கி இருக்கிறதோ அந்த மூலையில் மட்டும் மறுபடி பசையைத் தடவுவது! 1936-ல் மனிதர்களுக்குச் செய்ய ஆரம்பித்து, 1941-ல் 440 நோயாளிகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பசை எரியும், ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு நாள் ஆகும். 1953-ல் ஒரு கண் இமைச் சிகிச்சையைச் சினிமாப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பதற்காகப் பசையில்லாமல், மரத்துப் போகும் ஊசி மட்டும் போட்டு, எடுத்த சதையை உறைய வைத்துப் பார்த்தார். அதுவும் பலித்தது. 1970-களில் அந்த முறையே எங்கும் பரவியது. 2002-ல் மோஸ் காலமானார். முதல் தடவையாக வரும் பேஸல் செல் புற்றுக்கு இந்த முறையில் 100-க்கு 98, 99 பேருக்குத் திரும்பி வருவதில்லை என்று கணக்குச் சொல்கிறார்கள்.

இந்தக் கணக்கையெல்லாம் நாங்கள் பெரியம்மாவிடம் ஒப்பித்தோம். "அந்தப் பாக்கி ஒருத்தர் யார்?" என்று கேட்டாள்.

அக்காளோடு வேலை பார்க்கும் ஒரு பெண்மணி சொல்லி, வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊருக்குப் போகும் முன் ஒரே ஒரு தடவை என்று பேச்சு. அங்கே ஒரு டாக்டர் அம்மாள். ஐம்பது வயதிருக்கும். கட்டிலில் படுக்கச் சொல்லவில்லை. மேஜைக்கு எதிரே நாற்காலியில் உட்காரச் சொன்னார். நர்ஸ் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் பெட்டி என்றுதான் நினைத்தேன். உள்ளே ஒரு ஆள் உயரத்துக்குத் தகுந்த ரப்பர் முகம், அடுக்கடுக்காக ஒட்டிய ஸ்பாஞ்சுத் துண்டுகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பொம்மை பிடிக்கும் வர்ணக் களிமண், ஒரு பிளாஸ்டிக் கத்தி.

டாக்டர் அம்மாள் ஒரு வெள்ளைக் களிமண் உருண்டையைப் பெரியம்மாவின் கையில் கொடுத்தார். மேலே ஒரே ஒரு நீலப் புள்ளி. "இதுதான் உங்கள் மச்சம். நீங்களே எடுங்கள்" என்று கத்தியையும் கொடுத்துவிட்டார்!

பெரியம்மா புள்ளியைச் சுற்றி அழகாக வட்டம் வெட்டி எடுத்தாள். கத்தரிக்கிற கையல்லவா? குழிக்குள் பார்த்தால், அடியில் இன்னும் நீலம். தோண்டினாள். இடது பக்கத்தில் ஒரு விரல் போல நீலம் நீண்டு போயிருந்தது. வலது பக்கத்தில் ஒன்றும் இல்லை. பெரியம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"கோரைப்புல்லுடி இது" என்றாள் அக்காளைப் பார்த்து. "மேலே ஒரு முளை. அடியிலே கிழங்கு எங்கே ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்?"

அக்காள் கோரைப்புல்லை இங்கிலீஷில் சொல்லத் தெரியாமல் திண்டாடினாள். ஆனால் டாக்டர் அம்மாளுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "எங்கே நிறுத்துவோம் என்று எங்களுக்கு ஏன் முன்கூட்டியே தெரியாது என்பது இப்போது தெரிகிறதா?" என்றார்.

பிறகு அந்த வெட்டி எடுத்த துண்டைக் கையில் எடுத்தார். கிண்ணம் மாதிரி இருந்தது. சாதாரணமாகப் பரிசோதனைச் சாலையில் அதை வாழைக்காய் சீவுவது போலச் சில வில்லைகளாகச் சீவிப் பார்ப்பார்களாம். வில்லைக்கும் வில்லைக்கும் நடுவே இருப்பது கண்ணுக்குப் படாது. மொத்த ஓரத்தில் 100-க்கு ஒரு பங்கு கூடப் பார்த்ததாக ஆகாது. மோஸ் முறையில் என்ன செய்கிறார்கள் என்பதற்கு நம் வீட்டு உதாரணம் சொல்கிறேன். ஆப்பத்தின் ஓரத்தை விரலால் அழுத்தி அழுத்தித் தோசை போலத் தட்டையாக்கினால், ஓரமும் அடியும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும் அல்லவா? அந்த மட்டத்திலிருந்து, ஒரு மில்லிமீட்டரில் 100-ல் ஒரு பங்குக்கும் குறைவான கனத்தில், மெல்லிய ஏடு சீவிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைக்கிறார்கள். ஓரம் முழுவதும், அடி முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். துண்டின் பக்கங்களில் நீலம், சிவப்பு என்று மை தடவி, முகத்தின் படம் ஒன்று வரைந்து குறித்துக்கொள்கிறார்கள். "மூணு மணி இருக்கிற இடத்தில் பாக்கி" என்றால் அங்கே மட்டும் இன்னொரு ஏடு. வெட்டுகிறவரும் பார்க்கிறவரும் ஒரே டாக்டர் என்பது இதில் விசேஷம்.

டாக்டர் அம்மாள் களிமண்ணை அழுத்தித் தட்டையாக்கிக் காட்டிய அந்த ஒரு நிமிஷத்தில், நான் படித்த பத்துக் கட்டுரைகளில் விளங்காத விஷயம் எனக்கே விளங்கிற்று.

அடுத்தது தையல். இங்கேதான் வேடிக்கை. ரப்பர் தோல் ஒன்றில் டாக்டர் அம்மாள் வட்டமாக ஓட்டை போட்டு, நூலால் அப்படியே இழுத்து மூடினார். இரண்டு முனையிலும் ரப்பர் குவிந்து தூக்கிக்கொண்டு நின்றது. "இதற்கு நாங்கள் நாய்க்காது என்று பெயர் வைத்திருக்கிறோம்" என்றார்.

பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "டாட் பிடிக்காமல் மூடினால் தூக்காமல் என்ன செய்யும்? வட்டத்தை இலை மாதிரி நீட்டி வெட்ட வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு, டாக்டர் கையிலிருந்த கத்தரியை வாங்கி, ஓட்டைக்கு இரண்டு பக்கமும் கூராக வெட்டி, மூடிக் காண்பித்தாள். கோடு நேராகப் படிந்தது.

டாக்டர் அம்மாள் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள். அவர்கள் செய்வதும் அதேதானாம். அகலத்தைப் போல மூன்று பங்கு நீளம் இருக்கும்படி இலை வடிவில் வெட்டினால்தான் முனை தூக்காமல் படியும். ஆகவே பட்டன் அளவு காயத்துக்கு அதைவிட நீளமான தழும்பு ஏற்படும். கட்டுப் பிரித்த அன்று கண்ணாடியில் பார்த்துப் பல பேர் இடிந்துபோவது இதைக் கண்டுதான் என்று டாக்டர் அம்மாள் சொன்னார். "சின்னதுதான் என்று சொன்னீர்களே, இத்தனை நீளம் கிழித்து வைத்திருக்கிறீர்களே!" என்று கோபித்துக்கொள்வார்களாம். தையல்காரிக்கு அந்தக் கோபம் வர வழியில்லை. துணியில் நூல் போக்கு இருப்பது போலத் தோலுக்கும் ஒரு போக்கு உண்டு, அதன்படி வெட்டினால் தழும்பு சுருக்கத்தில் மறைந்துவிடும் என்றதும், "கிராஸில் வெட்டினால் வேறே மாதிரி இழுக்கும், தெரியாதா?" என்றாள்.

மூக்கின் கீழ்ப்பாகத்தில் தோல் இறுக்கமாக இருப்பதால் அப்படி நேரே மூட முடியாது. பக்கத்துத் தோலை நகர்த்தி ஓட்டையை மூடி, அது விட்ட இடத்தை இன்னும் மேலே தளர்வாக உள்ள தோலால் மூடி, அந்தக் கடைசி இடத்தை மட்டும் நேராகத் தைத்துவிடுவார்கள். ரப்பர் முகத்தில் அதையும் செய்து காட்டினார். "கடன் வாங்கிக் கடன் அடைக்கிற கதை" என்றாள் பெரியம்மா. அக்காள் மொழிபெயர்த்ததும் டாக்டர் அம்மாள் சிரித்து, அதைத் தம் காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்திருக்கப் போனேன். பெரியம்மா எழுந்திருக்கவில்லை. தன் புடவைத் தலைப்பிலிருந்து ஒரு குண்டூசியைக் கழற்றி, ரப்பர் மூக்கில் தன் மூக்குத்தி இருக்கும் இடத்தில் குத்தினாள். "தோலை நகர்த்தின பிறகு இது எங்கே போகும்?" என்று கேட்டாள்.

எட்டுப் பக்கக் காகிதத்தில் அதற்குப் பதில் இல்லை. கல்யாணத்தன்று குத்தி, நாற்பத்தைந்து வருஷத்தில் கழற்றாத மூக்குத்தி. பெரியப்பா போன பிறகும், "இது என் அம்மா போட்டது" என்று சொல்லிக் கழற்ற மறுத்த மூக்குத்தி. இத்தனை நாள் அவள் பயந்தது மூக்குக்கா, மூக்குத்திக்கா என்று எங்களுக்கு அப்போதுதான் விளங்கிற்று. வாயால் கேட்க அவளுக்கு வெட்கம். ஒரு பொம்மை மூக்கு எதிரே இருந்ததால் கேட்டுவிட்டாள்.

டாக்டர் அம்மாள் குண்டூசியைப் பார்த்துக்கொண்டே சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஓட்டை வெட்டும் இடத்துக்கு மிகவும் கிட்டத்தில் இருக்கிறது. போனாலும் போய்விடும். இருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். நன்றாக ஆறிய பிறகு, தழும்பை விட்டு விலகி வேறு இடத்தில் குத்தலாமா என்று பார்க்கலாம்" என்றார். பெரியம்மா இரண்டு நிமிஷம் யோசித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

இந்த விஷயம் என் மனத்தை விட்டு அகலாததால், ஊருக்கு வந்த பிறகு பொம்மை வைத்து வைத்தியம் சொல்லும் வழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். பாரிஸில் ஸான் லூயி என்ற பழைய ஆஸ்பத்திரியில், தோல் வியாதிகளை மெழுகில் அச்செடுத்து, வர்ணம் தீட்டி, கண்ணாடிப் பெட்டிகளில் வைத்த ஒரு காட்சிச்சாலை இருக்கிறது. 4,000-க்கு மேற்பட்ட மெழுகு உருவங்கள்! அவற்றில் மிகப் பலவற்றைச் செய்தவர் ஜூல் பரெட்டா. அவர் காகிதக் கூழினால் பழங்கள் செய்து கடையில் விற்றுக்கொண்டிருந்தவர். மாம்பழத்தை நிஜம் போல் செய்கிறவன் மனிதத் தோலையும் செய்வான் என்று ஒரு டாக்டருக்குத் தோன்றி அழைத்துப் போனார் என்கிறார்கள். (மாம்பழம் என்பது என் கைச்சரக்கு. பாரிஸில் ஆப்பிளாக இருந்திருக்கும்.) 1889-ல் அந்தக் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. ஆனால் அவையெல்லாம் டாக்டர்கள் பார்த்துக் கற்றுக்கொள்வதற்கு. நோயாளி தன் சதையைக் கொடுத்து அச்சு எடுத்துக்கொள்ள வேண்டியது. பார்த்துப் படிப்பது மற்றவர்கள்.

நம் தேசத்துச் சமாசாரம் இதைவிட ருசியானது. 1792-ல் திப்பு சுல்தானோடு நடந்த யுத்தத்தில், ஆங்கிலேயர் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் சிறைப்பட்டு, மூக்கு அறுபட்டார். புனாவில் செங்கல் சூளைக் குலத்தைச் சேர்ந்த ஒரு வைத்தியர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். அந்த முறை லண்டன் பத்திரிகை ஒன்றில் 1794-ல் படத்தோடு வெளிவந்தது. வைத்தியர் முதலில் மெல்லிய மெழுகுத் தகட்டினால் அழகான ஒரு மூக்குச் செய்து வைத்துப் பார்க்கிறார். சரியாக இருக்கிறது என்று கண்டதும், அந்த மெழுகு மூக்கைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டுக்கொள்கிறார். அந்த அளவுக்கு நெற்றித் தோலைக் கிளப்பி, கீழே திருப்பி மூக்காக ஒட்டுகிறார். இதைப் படித்துத்தான் கார்ப்யூ என்ற லண்டன் வைத்தியர் 1814-ல் அங்கே முதன் முதலாகச் செய்து பார்த்தார். சுசுருதர் இதற்கும் வெகு காலத்துக்கு முன்னமேயே, அறுந்த மூக்கின் அளவுக்கு ஓர் இலையை வெட்டி வைத்துத் தோலை அளவெடுக்கச் சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளில் தையல் நூல் சுற்றி வரும் வெள்ளிக் காகிதத்தைக் கத்தரித்து நெற்றியில் வைத்து அளவெடுக்கிறார்கள். ரவிக்கைக்குப் பேப்பர் கட்டிங் போடுகிறோமே, அதேதான்!

பொம்மையைப் பற்றி இவ்வளவு புகழ்ந்துவிட்டேன். ஒரு குறையையும் சொல்லாவிட்டால் பெரியம்மா கோபித்துக்கொள்வாள். பெட்டியைத் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "இது யார் மூக்கு?" என்பதுதான். அந்த ரப்பர் முகம் ரோஜா நிறம். நீண்டு கூரான மூக்கு. அதில் வெட்டினால் தெரிவது வெள்ளைக்காரருடைய தழும்பு. நம் நிறத்தில் காயம் ஆறும்போது வெகு நாள் கறுத்து நிற்பதுண்டு. சிலருக்குத் தழும்பு தடித்து மேடாக வளர்வதும் உண்டு. அக்காள் கேட்ட பிறகுதான் டாக்டர் அம்மாள் மாநிறத்தவர்களின் போட்டோக்களைத் தேடி எடுத்துக் காட்டினார். மேலும் பொம்மைக்கு ரத்தம் வராது, வீங்காது, தூக்கமில்லாமல் புரளாது. அதைப் பார்த்துவிட்டு எல்லாம் ஐந்து நிமிஷ வேலை என்று யாராவது நினைத்துக்கொண்டால் அதுவும் ஆபத்து. டாக்டர் அம்மாள் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தார். எல்லாவற்றையும் காட்டி முடித்ததும், "இப்போது நீங்கள் எனக்குச் சொல்லிக் கொடுங்கள்" என்று களிமண்ணைப் பெரியம்மாவிடம் தள்ளிவிட்டார். சொல்ல முடியாமல் தடுமாறிய இடத்தில் மட்டும் மறுபடி விளக்கினார்.

ஆப்பரேஷன் நாள் அதிகமாகச் சொல்வதற்கில்லை. காலை எட்டு மணிக்குப் போனோம். மரத்துப் போகும் ஊசி போட்டு ஓர் ஏடு எடுத்தார்கள். மூக்கில் கட்டோடு வெளியே வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாள். அந்தக் கூடத்தில் இன்னும் நாலைந்து பேர், காதில், நெற்றியில், உதட்டில் கட்டோடு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப் போல உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா கொண்டுபோயிருந்த தயிர் சாதத்தைச் சாப்பிட்டாள். "இடது பக்கத்து மூலையில் பாக்கி" என்று நர்ஸ் வந்து சொன்னபோது, எனக்குத்தான் வயிற்றைக் கலக்கிற்று. அவள், "கோரைக்கிழங்கு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போனாள். இரண்டாவது ஏட்டில் சுத்தமாகிவிட்டது. மூன்று மணிக்குத் தையலும் முடிந்தது. மூக்குத்தி ஓட்டை போய்விட்டது.

இப்போது அவள் கும்பகோணத்தில் இருக்கிறாள். தழும்பு முதலில் கறுத்திருந்தது, வெளுத்துக்கொண்டு வருகிறது. பார்க்க வருகிறவர்களுக்கு மைதா மாவைப் பிசைந்து, அதற்குள் கொஞ்சம் குங்குமம் கலந்த மாவைப் புதைத்து, முழுச் சிகிச்சையையும் நடத்திக் காட்டுகிறாள். ஒரு நாள் அப்படிக் காட்டிக்கொண்டிருந்தபோது, எதிர் வீட்டு அம்மாள், அறுபது வயதுக்காரி, எல்லோரும் போன பிறகு தயங்கித் தயங்கித் தன் இடுப்பைக் காட்டினாளாம். உள்பாவாடை நாடா இறுக்கும் தடத்தில் நிறம் மாறி, ஓர் இடத்தில் மாதக் கணக்காக ஆறாத புண்.

இது அலட்சியப்படுத்தக்கூடிய விஷயம் அல்ல, சகோதரிகளே. வேஷ்டி இறுக்கும் இடுப்புத் தடத்தில் வரும் புற்றைப் பற்றி 1945-லேயே பம்பாய் டாக்டர் கானோல்கர் எழுதியிருக்கிறார். பிறகு புடவை கட்டும் பெண்களுக்கும் அதே இடத்தில் வருவதை டாக்டர்கள் கண்டார்கள். இது பெரியம்மாவுக்கு வந்த வகை அல்ல; பரவக்கூடிய வேறொரு வகை. பல வருஷம் ஒரே இடத்தில் நாடா உரசுவதும், வேர்வையும், புழுக்கமும் காரணம். எப்போதோ தீச்சுட்ட பழைய தழும்பில் புதிதாகப் புண் வந்தாலும், உள்ளங்காலிலோ நகத்தின் அடியிலோ கறுப்பு படர்ந்தாலும் காட்ட வேண்டியதுதான். அபூர்வந்தான், பயந்து சாக வேண்டாம். ஆனால் இடுப்பைக் காட்டக் கூச்சப்பட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் தேங்காய் எண்ணெய் தடவுகிறோமே, அதுதான் வேதனை. டாக்டர் சொல்வது புரியாவிட்டால், "ஒரு படம் போட்டுக் காட்டுங்கள்" என்று கேட்பதிலும் தப்பில்லை. நம் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் டாக்டருக்கு நேரம் ஏது என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் ஒரு உருண்டை களிமண்ணுக்கு இரண்டு நிமிஷம் போதும் என்பதை நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கண்டிருக்கிறேன்.

எதிர் வீட்டு அம்மாளைப் பெரியம்மாவே கையைப் பிடித்து அழைத்துப் போனாள். துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். நல்ல வேளை, புற்று இல்லை. உரசலால் வந்த புண். களிம்பு கொடுத்து, நாடாவை மாற்றச் சொன்னார்கள். அன்று முதல் பெரியம்மா மறுபடியும் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டாள். நாடாவுக்குப் பதில் நாலு விரல் அகலத்துக்குத் துணிப்பட்டி வைத்து உள்பாவாடை தைக்கிறாள். தெருவில் ஏகப்பட்ட கிராக்கி.

மூக்குத்தி? ஒரு வருஷம் பொறுத்து, இங்கே ஒரு டாக்டரையும் கேட்டுக்கொண்டு, இடது பக்கத்தில் குத்திக்கொண்டாள். பத்தர் ஒரு நெல் அளவு தள்ளிக் குத்திவிட்டாராம். இன்னும் அவருக்கு வசவு விழுந்துகொண்டிருக்கிறது.